எந்த வீட்டுக்கு எந்த அழைப்பு?

(குறுவள மைய அளவிலான ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி ஆசிரியர்களும் ஒரே அறையில் அமர்ந்திருக்கும் வாய்ப்பு அடிக்கடி கிடைப்பதில்லை. ஆகவே இரு சாராருக்கும் பொதுவான ஒரு வேலையைப் பற்றிப் பேசலாம் என்று வந்திருக்கிறேன். பெற்றோரைத் தொலைபேசியில் அழைக்கும் வேலை அது.

குழந்தை வரவில்லை என்றால் அழைக்கிறோம். காய்ச்சல் என்றால் அழைக்கிறோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம், வங்கிக் கணக்கு, உதவித்தொகை, தேர்வு என்று எல்லாவற்றுக்கும் அழைக்கிறோம். அந்த அழைப்பு யார் காசில் போகிறது, எந்த வழியில் போகிறது, ஏன் சில வீடுகளுக்குப் போய்ச் சேருவதே இல்லை என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். நான் கணித ஆசிரியன். அதனால் நடுவில் கொஞ்சம் கணக்கும் வரும்.

நிமிடத்தை எண்ணிய காலம்

இங்கே இருக்கும் மூத்த ஆசிரியர்களுக்கு எஸ்.டி.டி. பூத் நினைவிருக்கும். கண்ணாடிக் கதவுக்குள் நின்று, சிவப்பு எழுத்தில் ஓடும் மீட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுவோம். இரவு நேரத்தில் கட்டணம் குறையும் என்பதால் சாப்பாட்டுக்குப் பிறகு பூத் வாசலில் வரிசை நிற்கும்.

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு இந்தியாவின் முதல் கைப்பேசி அழைப்பு போனது. அழைத்தவர் மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, எடுத்தவர் மத்திய அமைச்சர் சுக்ராம். அந்த நாளில் அழைப்பவருக்கும் காசு, எடுப்பவருக்கும் காசு. உள்வரும் அழைப்பு இலவசமானது 2003இல்தான். அதற்குப் பிறகும் வெளியே போகும் அழைப்புக்கு நிமிடக் கணக்கு இருந்தது. பத்து விநாடி பேசினாலும் முழு நிமிடத்துக்கான காசு போகும். 2009இல் ஒரு விநாடிக்கு ஒரு பைசா என்ற திட்டம் வந்தபோது அது பெரிய செய்தி.

நிமிடத்தை மிச்சப்படுத்த நம் மக்கள் கண்டுபிடித்த முறைதான் மிஸ்டு கால். ஒரு மணி அடித்தால் வீட்டுக்கு வந்துவிட்டேன், இரண்டு மணி அடித்தால் திருப்பிக் கூப்பிடு. பைசா செலவில்லாமல் செய்தி போய்விடும். இதை யாரும் பாடம் எடுத்துச் சொல்லித் தரவில்லை.

இணையம் வழியாகப் பேசுவதும் இதே தேவையில் வளர்ந்ததுதான். இந்தியாவில் இணையத் தொலைபேசிக்கு 2002 ஏப்ரல் 1 முதல் அனுமதி கிடைத்தது. வெளிநாட்டில் பிள்ளைகள் இருந்த வீட்டார், பிரவுசிங் சென்டரில் தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு பேசினார்கள். 2003இல் ஸ்கைப் வந்தது. 2015இல் வாட்ஸ்அப்பில் குரல் அழைப்பு வந்தது, அடுத்த ஆண்டே காணொலி அழைப்பும் வந்தது. நிமிடத்துக்குக் காசு வாங்கி வந்த தொலைபேசி நிறுவனங்களுக்கு இது இடித்தது. 2014 டிசம்பரில் ஒரு நிறுவனம் இணைய அழைப்புக்குத் தனிக் கட்டணம் என்று அறிவித்து, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெற்றது. 2016 பிப்ரவரி 8 அன்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய், இணையத்தில் என்ன பார்க்கிறோம், எதைப் பயன்படுத்துகிறோம் என்பதை வைத்து வெவ்வேறு கட்டணம் வாங்கக்கூடாது என்று விதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்தது. நிமிடக் கணக்கு ஏறக்குறைய ஒழிந்தது.

இன்று எது அளவானது?

நிமிடம் அளவற்றதாகிவிட்டது, சரி. அப்படியானால் இன்று எது தீர்ந்துபோகிறது? இரண்டு பொருள்கள். ஒன்று டேட்டா. மற்றொன்று நாள், அதாவது ரீசார்ஜின் செல்லுபடிக் காலம்.

பெரும்பாலான திட்டங்களில் ஒரு மாதம் என்பது 28 நாள். ஆண்டுக்கு 12 முறை என்று நாம் நினைப்போம். 365ஐ 28ஆல் வகுத்துப் பாருங்கள், 13 முறை வரும். 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றாவது ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருக்க வேண்டும் என்று டிராய் 2022இல் உத்தரவிட்டது. ஆனால் கடையில் கேட்டால்தான் அது கிடைக்கும். கேட்காதவருக்கு 28 நாள்தான்.

செல்லுபடிக் காலம் முடிந்தால் வெளியே அழைக்க முடியாது. சில நாள்களில் உள்ளே வரும் அழைப்பும் நின்றுவிடும். நாம் அழைத்தால் ஏதோ ஒரு பதிவுக் குரல் கேட்கும். மாதச் சம்பளக்காரரான நமக்கு இந்த நிலை வருவதில்லை. வாரக் கூலி வாங்கும் வீட்டில் இது அடிக்கடி வருகிறது. வீட்டில் இரண்டு கைப்பேசி இருந்தால் ஒன்றுக்கு மட்டும் ரீசார்ஜ் போடுவார்கள். பெரும்பாலும் அது அப்பாவின் கைப்பேசியாக இருக்கும். நம் பதிவேட்டிலோ அம்மாவின் எண் இருக்கும்.

ஒரு நிமிடப் பேச்சின் எடை

எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் கொடுக்கும் ஒரு கணக்கை உங்களிடமும் போட்டுக் காட்டுகிறேன். அறிவியல் ஆசிரியர்களுக்கும் இது பயன்படும்.

பழைய தொலைபேசி முறையில் நம் குரலை ஒரு விநாடிக்கு 8,000 முறை அளந்து எண்ணாக மாற்றுவார்கள். ஒவ்வோர் அளவுக்கும் 8 பிட். ஆக விநாடிக்கு 64,000 பிட். 8ஆல் வகுத்தால் 8,000 பைட். நிமிடத்துக்கு 4,80,000 பைட், அதாவது ஏறக்குறைய அரை எம்.பி. இது ஒரு திசைக்கு மட்டும்.

இணையச் செயலிகள் குரலை இன்னும் சுருக்குகின்றன. விநாடிக்கு 16,000 பிட் என்று வைத்துக்கொள்வோம். அது 2,000 பைட். இந்த 2,000 பைட்டையும் மொத்தமாக அனுப்புவதில்லை. 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலம் என்று, விநாடிக்கு 50 பொட்டலமாகக் கட்டி அனுப்புகிறார்கள். ஒரு பொட்டலத்துக்குள் 40 பைட் குரல். பொட்டலத்தின் மேல் முகவரி எழுத வேண்டுமே? எங்கிருந்து, எங்கே, எத்தனையாவது பொட்டலம் என்ற விவரங்களுக்கு வழக்கமான முறையில் 40 பைட் ஆகிறது. கடிதமும் 40, உறையும் 40! பிள்ளைகளிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள்.

ஆக விநாடிக்கு 80 பெருக்கல் 50, 4,000 பைட். நிமிடத்துக்கு 0.24 எம்.பி. போவதும் வருவதும் சேர்த்து 0.48 எம்.பி. ஒரு ஜி.பி.யை 1,000 எம்.பி. என்று கொண்டால் 2,000 நிமிடத்துக்கு மேல், அதாவது 34 மணி நேரத்துக்கு மேல் பேசலாம்.

இப்போது காணொலி. ஒரு திசைக்கு விநாடிக்கு 5 லட்சம் பிட் என்று கொள்வோம். நிமிடத்துக்கு 3.75 எம்.பி., இரு திசைக்கும் 7.5 எம்.பி. அதே ஒரு ஜி.பி. 133 நிமிடத்தில் தீர்ந்துவிடும். முகம் பார்த்துப் பேசுவதற்கான விலை ஏறக்குறைய 15 மடங்கு.

இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். உண்மையில் எவ்வளவு என்பதைப் பிள்ளைகளே அளக்கலாம். வாட்ஸ்அப்பின் அமைப்புகளில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' என்ற பகுதி உண்டு. அதில் 'நெட்வொர்க் யூசேஜ்' என்பதைத் திறந்தால் அழைப்புகளுக்கு எவ்வளவு செலவானது என்று தனியே காட்டும். அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, பத்து நிமிடம் பேசி, மீண்டும் பார்த்தால் போதும். விகிதம், சராசரி, அலகு மாற்றம் மூன்றும் ஒரே செயல்பாட்டில் வந்துவிடும். அதே பகுதியில் 'யூஸ் லெஸ் டேட்டா ஃபார் கால்ஸ்' என்றொரு பொத்தானும் இருக்கிறது. அதைப் போட்டுவிட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசத்தை அவர்களே கண்டுபிடித்து வீட்டில் சொல்வார்கள்.

காசு யாருடையது?

இந்தக் கணக்கிலிருந்து நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. சாதாரண அழைப்பில், அழைப்பவருக்குத்தான் செலவு. எடுப்பவருக்கு 2003 முதல் செலவில்லை. இணைய அழைப்பில் இரு பக்கமும் டேட்டா போகிறது. நாம் வாட்ஸ்அப்பில் அழைத்தால் பெற்றோரும் சேர்ந்தே செலவழிக்கிறார். நம்மிடம் அளவற்ற அழைப்பு இருக்கும்போது, உள்வரும் அழைப்பு வேலை செய்யும் வீட்டுக்குச் சாதாரண அழைப்பே சரி. மிஸ்டு கால் கொடுத்தால் நாம் திருப்பி அழைப்போம் என்று அந்த வீட்டுக்குச் சொல்லி வையுங்கள்.

டேட்டா இருந்து அழைப்பு போகாத இடத்தில் இணைய அழைப்பு கைகொடுக்கும். மலைப்பகுதிப் பள்ளிகளில் கோபுர சமிக்ஞை வராது, ஆனால் பள்ளியில் பிராட்பேண்ட் இருக்கும். அங்கே 'வைஃபை காலிங்' என்ற வசதியையும் பாருங்கள். பல கைப்பேசிகளின் அமைப்புகளில் அது இருக்கிறது. நம் சொந்த எண்ணிலிருந்தே, வைஃபை வழியாக, சாதாரண அழைப்பாகவே போகும். எதிர்ப்பக்கம் பட்டன் போன் என்றாலும் கவலையில்லை.

அழைப்பைவிடப் பெரிய செலவு ஒன்றையும் நாம் வைக்கிறோம். வகுப்புக் குழுவில் 100 எம்.பி. காணொலி ஒன்றைப் போடுகிறோம். நமக்கு அது ஒரு காணொலி. 35 வீட்டில் இறங்கினால் அது 3.5 ஜி.பி. அன்றைய டேட்டா தீர்ந்தால், மாலையில் பாடம் பார்க்க வேண்டிய அண்ணனுக்கோ அக்காவுக்கோ இல்லை. வீட்டுப்பாடத்தை ஒரு நிமிடக் குரல் பதிவாகச் சொல்லலாம். பெற்றோர் கூட்டத்தில் கைப்பேசியை வாங்கி, படமும் காணொலியும் தானாக இறங்குவதை நிறுத்திக் கொடுக்கலாம். இரண்டு நிமிட வேலை.

எடுக்காத அழைப்பு சொல்வது என்ன?

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி தொடர்ந்து ஆறு நாள் வரவில்லை. அம்மாவின் எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. அதே தெருவிலிருந்து வரும் ஏழாம் வகுப்புப் பையனிடம் கேட்டோம். அவன் வீட்டுக் கைப்பேசியில் இணையம் இருந்தது. அன்று மாலை அந்த வீட்டு ஹாட்ஸ்பாட்டில் இணைந்து, அந்த அம்மாவே வாட்ஸ்அப்பில் பேசினார்.

"சார், ரீசார்ஜ் முடிஞ்சு பதினோரு நாள் ஆச்சு. மில்லுல காசு வந்தாத்தான் போடணும். எங்க அத்தைக்கு முடியல, ஆஸ்பத்திரில இருக்காங்க. சின்னவனைப் பாத்துக்க ஆள் இல்லைன்னு பாப்பாவ நிறுத்தி வச்சேன். ஸ்கூல்ல பேரை எடுத்துருவாங்களா சார்?"

அந்தக் கடைசிக் கேள்வியை நாம் எல்லோரும் கவனிக்க வேண்டும். பெயரை எடுத்துவிடுவார்கள் என்ற பயம் ஆறு நாளாக அந்த வீட்டில் இருந்திருக்கிறது. இன்னும் பத்து நாள் போயிருந்தால் இனி எந்த முகத்தோடு அனுப்புவது என்று நின்றிருப்பார்கள். இடைநிற்றல் என்று நாம் படிவத்தில் எழுதுவது பல வீடுகளில் இப்படித்தான் தொடங்குகிறது. தம்பியைப் பகலில் அங்கன்வாடியில் விட ஏற்பாடானது. மாணவி இரண்டு நாளில் வந்துவிட்டாள்.

போன் எடுக்காத பெற்றோர் எல்லாம் அக்கறையில்லாதவர் என்று ஓய்வறையில் ஒரு பேச்சு உண்டு. அப்படிச் சொல்லுமுன் அந்த எண் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கலாம்.

கடல் கடந்த அப்பாக்கள்

நம் வகுப்புகளில் அப்பா துபாயிலோ அபுதாபியிலோ வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தியும் குரல் பதிவும் போகும். அழைப்பு மட்டும் போகாது, அங்கே அது தடுக்கப்பட்டிருக்கிறது. 'போட்டிம்' போன்ற அனுமதி பெற்ற செயலிகள் வழியாகத்தான் பேச முடியும். நாம் வாட்ஸ்அப்பில் நான்கு முறை அழைத்து, அவர் எடுக்கவில்லை என்று எழுதிவைத்தால் அது அந்தத் தந்தைக்குச் செய்யும் அநியாயம்.

வி.பி.என். போட்டு எடுங்கள் என்று யாரும் அவர்களுக்கு யோசனை சொல்ல வேண்டாம். வி.பி.என்.னைக் குற்றச் செயலுக்குப் பயன்படுத்தினால் அந்நாட்டுச் சட்டப்படி 5 லட்சம் திர்ஹம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம். தடுக்கப்பட்ட அழைப்பை அப்படி எடுக்கப் போய், ஒரு தொழிலாளி எதில் மாட்டிக்கொள்வார் என்று நம்மால் சொல்ல முடியாது. குரல் பதிவு அனுப்புங்கள். "உங்கள் மகன் இந்த வாரம் பெருக்கல் வாய்ப்பாட்டை முழுக்கச் சொன்னான்" என்று இருபது விநாடி பேசினால் போதும். அவர் வேலை முடித்து அறைக்கு வந்து கேட்டுக்கொள்வார். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர், மலேசியா என்றால் இரண்டரை மணி நேரம் முன்னால். நாம் இரவு எட்டு மணிக்கு அழைத்தால் அங்கே பத்தரை.

சில எச்சரிக்கைகள்

முதலாவது, அவசர உதவி. வாட்ஸ்அப் போன்ற செயலிகளிலிருந்து 112, 108, குழந்தைகள் உதவி எண் 1098, நம் துறையின் 14417 ஆகியவற்றை அழைக்க முடியாது. டேட்டா இருக்கிறதே, ரீசார்ஜ் எதற்கு என்று எந்தக் குடும்பமும் இருந்துவிடக் கூடாது. வீட்டில் ஒரு கைப்பேசியாவது அழைக்கும் நிலையில் இருக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருப்பவர் டேட்டாவுக்கும் சேர்த்துக் காசு கட்ட வேண்டியதில்லை. அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களைத் தனியே தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதி செய்தது. 84 நாள், 365 நாள் என்று அவை வந்திருக்கின்றன. தாத்தா பாட்டியிடம் வளரும் பிள்ளைகளின் வீடுகளுக்கு இந்தத் தகவலைக் கட்டாயம் சொல்லுங்கள்.

இரண்டாவது, விட்டுப்போன எண். நீண்ட நாள் பயன்படுத்தாத எண் துண்டிக்கப்பட்டு, பிறகு வேறொருவருக்குப் போகும். குழந்தையின் மதிப்பெண்ணையும் குடும்பச் செய்தியையும் முன்பின் தெரியாதவருக்கு நாம் அனுப்பிக்கொண்டிருக்கலாம். பருவத்துக்கு ஒரு முறை எண்களைச் சரிபார்த்து எமிஸ் பதிவிலும் திருத்திவிடுங்கள்.

மூன்றாவது, ஏமாற்று அழைப்பு. காவல்துறை, சி.பி.ஐ. என்று காணொலி அழைப்பில் சீருடையோடு தோன்றி, உங்களை 'டிஜிட்டல் கைது' செய்திருக்கிறோம் என்று மிரட்டிப் பணம் பறிக்கிறார்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் கிடையாது. பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். இதைக் காலை வணக்கக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் சொன்னால் நூறு வீடுகளுக்குப் போகும்.

நான்காவது, நம் எண். ஆசிரியைகள் பலர் சொல்லும் குறை இது. வாட்ஸ்அப்பில் அழைத்தால் நம் எண்ணும் முகப்புப் படமும் எதிர்ப்பக்கம் போய்விடும், இரவிலும் அழைப்பு வரும். முகப்புப் படத்தைத் தொடர்புப் பட்டியலில் உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி வைக்கலாம். தெரியாத எண்களின் அழைப்பு ஒலிக்காமல் இருக்கவும் வசதி உண்டு. பேசும் நேரம் இதுதான் என்று முதல் பெற்றோர் கூட்டத்திலேயே சொல்லிவிடுவது எல்லோருக்கும் நல்லது.

ஒரு பக்கப் பதிவேடு

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்புப் பெயர்ப்பட்டியலில் மூன்று பத்திகள் கூடுதலாகப் போடுங்கள். முதல் பத்தியில், இந்த வீட்டுக்கு எந்த வழி: சாதாரண அழைப்பா, வாட்ஸ்அப் அழைப்பா, குரல் பதிவா. இரண்டாவதில், எந்த நேரம்: வேலைக்குப் போகுமுன்னா, வந்த பிறகா. மூன்றாவதில், அந்த எண் நின்றுபோனால் யார் வீட்டில் சொல்லலாம்: அத்தையா, பக்கத்து வீடா, தெருமுனைக் கடையா. மூன்றாவது பத்தியைப் பெற்றோரைக் கேட்டு, அவர் சம்மதித்த பெயரை மட்டும் எழுதுங்கள். பக்கத்து வீட்டில் சொல்லும்போதும் "பள்ளிக்குப் பேசச் சொல்லுங்கள்" என்பதற்கு மேல் எதுவும் சொல்ல வேண்டாம்.

எங்கள் பள்ளியில் இதை நிரப்ப ஒரு பெற்றோர் கூட்டமும் ஒரு வாரமும் ஆயின. ஒன்பதாம் வகுப்பில் 38 பேர். அவர்களில் ஐந்து வீட்டுக்கு, பதிவேட்டில் இருந்த எண் வேலையே செய்யவில்லை. அந்த ஐந்து வீடும் எவை என்று இப்போது எங்களுக்குத் தெரியும். நாளைக் காலை வருகைப் பதிவை முடித்ததும், உங்கள் வகுப்பில் அப்படி எத்தனை வீடு என்று எண்ணிப் பாருங்கள்.